ஒளியணு எண்ணிகளின் செயலற்ற நேரம்

செயலற்ற நேரம் என்பது, கதிர்வீச்சை ஒவ்வோர் ஒளியணுவாக எண்ணும் ஒரு கருவி, ஓர் ஒளியணுவைப் பதிவு செய்தபின் அடுத்ததைப் பதிவு செய்ய இயலாமல் இருக்கும் குறுகிய கால இடைவெளி ஆகும். ஆங்கிலத்தில் இதனை டெட் டைம் என்பர். எக்சு-கதிர், காமா கதிர், புற ஊதாக் கதிர் ஆகியவற்றை எண்ணும் எல்லாக் கருவிகளுக்கும் இந்த இடைவெளி உண்டு. கெய்கர்-முல்லர் எண்ணியில் இது ஏறத்தாழ 50 முதல் 300 மைக்ரோ நொடி வரை இருக்கும். இன்றைய குறைக்கடத்தி உணரிகள் சிலவற்றில் நூறு நானோ நொடி அளவுக்குக் குறைந்துள்ளது. முற்றிலும் இல்லாத கருவி ஏதும் இல்லை.

கதிர் மெலிதாக உள்ளபோது இந்த இடைவெளியால் பெரிய தீங்கு இல்லை. கதிர் செறிவடையும்போது எண்ணப்படாமல் போகும் ஒளியணுக்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. எனவே ஓர் எண்ணி, கதிர் மிக வலுவாக உள்ள வேளையில்தான் மிகக் குறைவாகக் காட்டும். கருவியின் முகப்பில் தெரியும் எண்ணைப் பார்த்து மட்டும் இக்குறையை அறிய முடியாது என்பதே இதில் உள்ள இடர். சில வகைக் கருவிகளில் முகப்பில் தெரியும் ஒரே எண், முற்றிலும் வேறான இரண்டு கதிர்ச்செறிவுகளுக்குப் பொருந்தக் கூடும்.

எண்ணுதலும் கூட்டுதலும்

கதிர்வீச்சை அளக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குறிப்பிட்ட நேரத்தில் உணரியில் விழுந்த ஆற்றல் முழுவதையும் ஒரு மின்னோட்டமாகவோ மின்னூட்டமாகவோ கூட்டி அளப்பது. அயனியாக்க அறையும், மாவட்ட மருத்துவமனைகளில் பொதுவாகக் காணப்படும் சி.டி. கருவிகளும் இவ்வாறு இயங்குகின்றன. மற்றொன்று, வந்து விழும் ஒவ்வோர் ஒளியணுவும் உண்டாக்கும் மின்துடிப்பைத் தனித்தனியே கண்டு எண்ணுவது.

எண்ணும் முறைக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. உணரியின் மின்னிரைச்சலை விடப் பெரிய துடிப்புகளை மட்டுமே எண்ணுவதால், இரைச்சல் கணக்கில் சேர்வதில்லை. மிக மெல்லிய கதிரையும் அளக்கலாம். மேலும், துடிப்பின் உயரம் ஒளியணுவின் ஆற்றலைக் காட்டுவதால், கதிரின் நிறமாலையும் கிடைக்கிறது. கெய்கர்-முல்லர் எண்ணி மட்டும் இதற்கு விலக்கு. அதில் எல்லாத் துடிப்புகளும் ஒரே உயரம் உடையவை. இச்சிறப்புகளுக்குக் கொடுக்கும் விலைதான் செயலற்ற நேரம். கூட்டும் முறையில் இரண்டு ஒளியணுக்கள் ஒரே கணத்தில் வந்தாலும் இரண்டின் ஆற்றலும் கணக்கில் சேரும். எண்ணும் முறையில் அவை ஒன்றாகிவிடும்.

மழைமானியுடன் ஓர் ஒப்பீடு

இக்கருத்தை விளக்க மழைமானி நல்ல எடுத்துக்காட்டு. தானியங்கி மழைமானிகள் பலவற்றில் நடுவில் அச்சுடைய இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு பக்கக் கிண்ணம் குறித்த அளவு, எடுத்துக்காட்டாக 0.5 மி.மீ. மழைக்குச் சமமான நீர், நிரம்பியதும் கவிழ்ந்து நீரைக் கொட்டும்; மறு பக்கக் கிண்ணம் குழாயின் கீழ் வந்து நிற்கும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஓர் எண்ணிக்கை. கவிழ்வதற்கு ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியில் விழும் நீர், ஏற்கெனவே நிரம்பிவிட்ட கிண்ணத்திலேயே விழுந்து கணக்கில் சேராமல் போகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உள்ள கல்வராயன் மலையில் பெய்யும் மழையை இக்கருவியால் அளப்பதாகக் கொள்வோம். மணிக்கு 5 மி.மீ. தூறலில் கிண்ணம் ஆறு நிமிடத்திற்கு ஒருமுறை கவிழும். அரை நொடி இழப்பு பொருட்டல்ல. மணிக்கு 100 மி.மீ. வீதம் கொட்டும்போது கிண்ணம் நிரம்ப 18 நொடிகளே ஆகும். இழப்பு ஏறத்தாழ 2.7 விழுக்காடு ஆகிவிடும். பெருமழையில்தான் கருவி குறைத்துக் காட்டுகிறது. மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணைக்கு எவ்வளவு நீர் வரும் என்று கணிக்க வேண்டியதும் அதே பெருமழையில்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, கல்வராயன் மலைக்கு வடமேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய நாட்களின் மழைவீதத்தை நம்பிப் பயன்படுத்த, மழைமானிக்கு வீதத்தைச் சார்ந்த திருத்தம் தேவை. அத்திருத்தத்தின் சமன்பாடும், கீழே கூறப்படும் ஒளியணு எண்ணியின் சமன்பாடும் ஒன்றே.

ஒரு வேறுபாடு உண்டு. மழையில் கிண்ணம் ஏறத்தாழ ஒரே சீரான இடைவெளியில் நிரம்புகிறது. ஒளியணுக்களோ ஒழுங்கின்றி வருகின்றன. நொடிக்குச் சராசரியாக 10,000 ஒளியணுக்கள் வந்தால், அடுத்தடுத்த இரண்டின் சராசரி இடைவெளி 100 மைக்ரோ நொடி. ஆனால் அவற்றுள் 63 விழுக்காடு இடைவெளிகள் அந்தச் சராசரியை விடக் குறைவானவை. ஆகவே சராசரி வீதம் மிதமாக இருந்தாலும் நெருங்கி வரும் இணைகள் எப்போதும் இருக்கும். கதிரைச் சற்றே குறைப்பதால் இழப்பு அடியோடு மறைந்துவிடாது.

இரு வகைக் கருவிகள்

செயலற்ற நேரத்தில் வந்து விழும் ஒளியணு கருவியை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துக் கருவிகளை இரண்டு மாதிரிகளாகப் பிரிப்பர்.

நீளாத வகையில், அந்த நேரத்தில் வரும் ஒளியணு வெறுமனே புறக்கணிக்கப்படுகிறது. குறித்த நேரம் முடிந்ததும் கருவி மீண்டும் ஆயத்தமாகிறது. இதற்கான சமன்பாடு:

உண்மை வீதம் = பதிவான வீதம் ÷ (1 − பதிவான வீதம் × செயலற்ற நேரம்)

நீளும் வகையில், அந்த நேரத்தில் வரும் ஒளியணு எண்ணப்படுவதும் இல்லை. கருவியைச் சும்மா விடுவதும் இல்லை. அது வந்த கணத்திலிருந்து செயலற்ற நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. கதிர் செறிந்தால் ஒரு முடக்கம் முடியுமுன் அடுத்தது தொடங்கி, கருவி கண் திறக்கவே வாய்ப்பின்றிப் போகலாம். இவ்வகையில், உண்மை வீதத்தையும் செயலற்ற நேரத்தையும் பெருக்கி வரும் எண் ஒன்று கூடும்போதெல்லாம், எண்ணப்படும் பங்கு 2.718 மடங்கு சுருங்குகிறது.

செயலற்ற நேரம் 100 மைக்ரோ நொடி எனக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். உண்மையில் நொடிக்கு 100 ஒளியணுக்கள் வந்தால் இரு வகைகளும் 99 என்று காட்டும். 1,000 வந்தால் நீளாத வகை 909 என்றும், நீளும் வகை 905 என்றும் காட்டும். இதுவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 10,000 வந்தால் முறையே 5,000, 3,679. நீளும் வகையின் உச்சம் இதுதான். இதற்குமேல் அது இறங்கத் தொடங்கும். 50,000 வந்தால் நீளாத வகை 8,333 என்று காட்ட, நீளும் வகை 337 என்று மட்டுமே காட்டும். ஒரு இலட்சம் வந்தால் நீளாத வகை 9,091 காட்டும். நீளும் வகையில் நொடிக்கு நான்கைந்து எண்ணிக்கையே எஞ்சும்.

மேற்கண்ட 337 என்னும் எண்ணைச் சற்று உற்று நோக்க வேண்டும். நொடிக்கு 349 ஒளியணுக்கள் மட்டும் வந்தாலும் நீளும் வகைக் கருவி இதே 337ஐத்தான் காட்டும். 349க்கும் 50,000க்கும் இடையே 143 மடங்கு வேறுபாடு உள்ளது. கருவியின் முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. எந்தச் சமன்பாட்டாலும் இந்த ஐயத்தைத் தீர்க்க முடியாது. கருவியைக் கதிர்மூலத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்தோ, இடையே ஓர் உலோகத் தகட்டை வைத்தோ மீண்டும் அளந்தால்தான் விடை கிடைக்கும். கதிரைக் குறைத்தபோது எண்ணிக்கை கூடினால், கருவி உச்சத்தைத் தாண்டி நிற்கிறது என்று பொருள்.

உண்மையான கருவிகள் இவ்விரு மாதிரிகளில் எதற்கும் முழுமையாக அடங்குவதில்லை. இரண்டின் கலவையாகவே பெரும்பாலும் நடந்துகொள்ளும். கெய்கர்-முல்லர் குழாயில், மின்சரிவு நிகழ்ந்தபின் நடுக்கம்பியைச் சூழ்ந்து நேர்மின் அயனிகளின் உறை ஒன்று உருவாகி மின்புலத்தைக் குறைத்துவிடும். அந்த உறை வெளிச்சுவரை நோக்கி நகர்ந்த பின்னரே குழாய் மீளும். முழுதும் மீளுமுன் வரும் ஒளியணு சிறிய துடிப்பை உண்டாக்கும். அத்துடிப்பு மின்சுற்றின் வாயில் அளவைத் தாண்டாததால் எண்ணப்படாது. ஆனால் புதிய உறையை உண்டாக்கி மீட்சியைத் தள்ளிப்போடும்.

துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல்

இழப்பு ஒன்று மட்டுமே இருந்தால் எண்ணிக்கையைத் திருத்தி அமைதி கொள்ளலாம். ஆற்றலையும் அளக்கும் கருவிகளில் இன்னொரு சிக்கல் உள்ளது. இரண்டு ஒளியணுக்கள் மிக நெருங்கி வந்தால் அவற்றின் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே உயர்ந்த துடிப்பாகத் தோன்றும். 5 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய இரண்டு ஒளியணுக்கள், 10 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய ஒன்றாகப் பதிவாகும். எண்ணிக்கையில் ஒன்று குறைவதோடு, இல்லாத ஓர் ஒளியணு நிறமாலையில் புதிதாகச் சேர்கிறது. செறிந்த கதிரின் நிறமாலை உண்மையில் இருப்பதைவிட உயர் ஆற்றல் பக்கம் சாய்ந்து காணப்படும். அதைக் கொண்டு ஒரு விண்பொருளின் வெப்பநிலையைக் கணித்தால், அது உள்ளதைவிடச் சூடாகத் தோன்றும்.

இதைத் தடுக்க, பல கருவிகளில் ஒரே குறிகையை வேகமான சுற்று ஒன்றும் மெதுவான சுற்று ஒன்றும் தனித்தனியே பார்க்கின்றன. வேகச் சுற்று இரண்டு துடிப்புகளைக் கண்டால், மெதுவான சுற்றின் அளவீடு தள்ளுபடி செய்யப்படும். வேகச் சுற்றாலும் பிரித்தறிய முடியாத அளவு நெருங்கிய இணைகள் எஞ்சவே செய்யும்.

இந்திய விண்வெளிக் கருவிகளில்

இச்சிக்கலைக் கருவி அமைக்கும்போதே எதிர்கொண்டதற்குச் சந்திரயான்-2 நல்ல சான்று. 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்ட அதன் சுற்றுகலத்தில், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய சூரிய எக்சு-கதிர் கண்காணிப்புக் கருவி இடம்பெற்றது. சிலிக்கானால் ஆன உணரியைக் கொண்ட இக்கருவி, 1 முதல் 15 கிலோ எலக்ட்ரான்-வோல்ட் வரையிலான சூரிய எக்சு-கதிர்களை எண்ணி, ஒவ்வொரு நொடிக்கும் ஒரு நிறமாலை தருமாறு அமைக்கப்பட்டது.

சூரியனின் சுடர்வெடிப்புகளை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகைப்படுத்துவர். ஒவ்வொரு வகையும் முந்தையதைவிடப் பத்து மடங்கு வலுவானது. எனவே ஏ வகைக்கும் எக்ஸ் வகைக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. 2019-20இல் சூரியன் மிக அமைதியாக இருந்தபோது, இக்கருவி ஏ வகையினும் சிறிய 98 நுண்வெடிப்புகளைப் பதிவு செய்தது. அத்தகைய நுண்ணிய கதிரைக் காணவல்ல கருவி, பெருவெடிப்பின்போது துடிப்புகளின் வெள்ளத்தில் மூழ்கிப் போகும். இதற்காக உணரியின் முன் ஒரு சுழல் அமைப்பு வைக்கப்பட்டது. எண்ணிக்கை வீதம் குறித்த எல்லையைத் தாண்டினால், பெரிலியம் வடிகட்டி ஒன்று தானாகவே உணரியின் முன் வந்து நிற்கும். அது குறைந்த ஆற்றல் ஒளியணுக்களின் பெரும்பகுதியை உறிஞ்சி, உணரியால் தாங்கக்கூடிய அளவு மட்டும் உள்ளே விடும். இதனால் குறைந்த ஆற்றல் பகுதி பற்றிய செய்தி அப்போது கிடைக்காமல் போகிறது. அரைகுறையாயினும் நம்பத்தக்க நிறமாலை, முழுதாயினும் சிதைந்த நிறமாலையைவிட மேல் என்ற அடிப்படையில் எடுக்கப்பட்ட முடிவு இது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். அதே கலத்தில் இருந்த மற்றொரு கருவி, சூரிய எக்சு-கதிர்கள் பட்டு நிலவின் தரை உமிழும் எக்சு-கதிர்களை அளந்து, அலுமினியம், சிலிக்கான், மக்னீசியம் முதலிய தனிமங்கள் எங்கெங்கே எவ்வளவு உள்ளன என்று கணிப்பது. நிலவின் தரை எவ்வளவு ஒளிரும் என்பது, அந்நொடியில் அதன்மீது விழும் சூரியக் கதிரைப் பொறுத்தது. சூரியக் கருவி பிழையாக எண்ணினால், நிலவின் பாறையில் உள்ள தனிம அளவும் பிழையாகிவிடும். நிலவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட்டு என்னும் அலுமினியம் மிகுந்த பாறையால் ஆனவை. இதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கிறது. நிலவு மண்ணுக்கு ஒப்பான மண்ணைச் செய்ய இசுரோ இங்கிருந்துதான் பாறை எடுத்துச் சென்றது என்பது தமிழக வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தில், சூரியனின் மென் எக்சு-கதிர்களை அளக்கும் சோலெக்ஸ் கருவி வேறொரு வழியைக் கையாள்கிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு உணரிகள் உள்ளன. ஒன்றின் துளை 7.1 சதுர மி.மீ. பரப்புடையது; மற்றதன் துளை 0.1 சதுர மி.மீ. மட்டுமே. அமைதியான சூரியனைப் பெரிய துளையும், பெருவெடிப்பைச் சிறிய துளையும் பார்க்கும். அசையும் உறுப்பு தேவையில்லை. இரண்டின் எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டு, பெரிய துளை எப்போது தடுமாறத் தொடங்குகிறது என்றும் அறியலாம். இவ்விரு வழிகளில் இது எளிமையானது என்று தோன்றுகிறது.

2015 செப்டம்பர் 28 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அசுட்ரோசாட் விண்கலத்தின் புற ஊதாத் தொலைநோக்கியில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. கல்வராயன் மலைக்கு வடக்கே, சவ்வாது மலையில் உள்ள காவலூர் வான்காணகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், இத்தொலைநோக்கியை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு வகித்தது. இதன் உணரி, முழுப் பார்வைப் புலத்தையும் நொடிக்கு ஏறத்தாழ 29 முறை படமெடுத்து, ஒவ்வொரு படச் சட்டத்திலும் தெரியும் ஒளிப்புள்ளிகளை எண்ணியது. ஒரு விண்மீனிலிருந்து ஒரே சட்டத்துக்குள் இரண்டு ஒளியணுக்கள் வந்தால் அவை ஒரே புள்ளியாகிவிடும். சட்டத்துக்குச் சராசரியாக 0.1 ஒளியணு வந்தால் இழப்பு 5 விழுக்காடு. சராசரி 1 ஆனால், நொடிக்கு 29 ஒளியணுக்களில் 18 மட்டுமே எண்ணப்படும். விண்மீன் எவ்வளவு பொலிவானாலும் நொடிக்கு 29ஐத் தாண்டவே முடியாது. எந்தச் சட்டங்களில் அவ்விண்மீன் தெரியவே இல்லை என்று எண்ணி, அந்தப் பங்கின் மடக்கையிலிருந்து உண்மை வீதத்தைப் பெறலாம். வெற்றுச் சட்டங்கள் ஏதும் மிஞ்சாதபோது இவ்வழியும் அடைபட்டுவிடும்.

அதே விண்கலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த பெரும்பரப்பு எக்சு-கதிர் எண்ணிகளின் செயலற்ற நேரம் ஏறத்தாழ 42 மைக்ரோ நொடி. இவை கருந்துளைகளிலிருந்து வரும் கதிரின் வேகமான ஏற்ற இறக்கங்களை ஆராய அமைக்கப்பட்டவை. செயலற்ற நேரம் சராசரியைக் குறைப்பதோடு, ஏற்ற இறக்கங்களின் இயல்பையும் மாற்றிவிடும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பின் கட்டாய இடைவெளி இருப்பதால், பதிவான எண்கள் உண்மையில் இருப்பதைவிட ஒழுங்காகத் தோன்றும். இதைக் கணக்கில் கொள்ளாமல் அலைவுகளை ஆராய்ந்தால் முடிவு பிழைக்கும்.

2022 அக்டோபர் 9 அன்று, ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலிருந்து வந்த காமா கதிர் வெடிப்பு, இதுவரை பதிவானவற்றுள் மிகப் பொலிவானது. நாசாவின் ஃபெர்மி விண்கலத்தின் பெரிய உணரிகள் உச்சக் கட்டத்தில் செயலற்ற நேரத்தாலும் துடிப்பேற்றத்தாலும் நிலைகுலைந்தன. ஆனால் பத்து செ.மீ. பக்கமுள்ள கனசதுர அளவேயான ஜிஆர்பி-ஆல்ஃபா என்னும் சிறு செயற்கைக்கோளின் உணரி, சிறியதாக இருந்ததாலேயே உச்சத்தைத் தடுமாறாமல் அளந்தது.

செயலற்ற நேரத்தை அளத்தல்

கல்லூரி ஆய்வகங்களில் கெய்கர்-முல்லர் எண்ணியைக் கொண்டு செய்யும் பயிற்சிகளுள் ஒன்று இரட்டை மூல முறை. ஒரே அளவான இரண்டு கதிர்மூலங்களைத் தனித்தனியே வைத்து எண்ணி, பின் இரண்டையும் சேர்த்து வைத்து எண்ண வேண்டும். இழப்பு இல்லையெனில் சேர்ந்த எண்ணிக்கை இரு மடங்காக இருக்கும். குறைவது எவ்வளவோ அதிலிருந்து செயலற்ற நேரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, தனியே நொடிக்கு 476, சேர்ந்து 909 எனக் கொண்டால் குறைவு 43. இதனை 476, 909 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால், நீளாத வகைக்கு ஏறத்தாழ 99 மைக்ரோ நொடி வரும். பின்னணிக் கதிரை இங்கே விட்டுவிட்டோம்.

இம்முறையில் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. 43 என்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாடு. ஒவ்வோர் அளவீட்டையும் 100 நொடி செய்தாலும், எண்ணிக்கைகளின் இயல்பான ஏற்ற இறக்கத்தால் அந்த வேறுபாட்டில் 10 விழுக்காடு ஐயப்பாடு இருக்கும். மூலங்களை நகர்த்தும்போது இடம் சற்று மாறினாலும் பிழை இன்னும் கூடும். எனவே முதல் மூலத்தை எடுக்காமலே இரண்டாவதை வைத்து, பின்னர் முதலாவதை மட்டும் எடுப்பது நல்லது.

திருத்தத்தின் எல்லை

செயலற்ற நேரம் தெரிந்தால் சமன்பாட்டில் இட்டுத் திருத்திவிடலாமே என்று தோன்றும். இழப்பு சில விழுக்காடாக இருக்கும்வரை இது சரி. இழப்பு 20 விழுக்காடு, செயலற்ற நேரத்தில் உள்ள ஐயப்பாடு 10 விழுக்காடு எனக் கொண்டால், திருத்திய விடையில் 2.5 விழுக்காடு ஐயப்பாடு வரும். பத்து இலட்சம் ஒளியணுக்களை எண்ணிப் புள்ளியியல் பிழையை 0.1 விழுக்காடாகக் குறைத்திருந்தாலும் இந்த 2.5 குறையாது. நெடுநேரம் எண்ணுவது புள்ளியியல் பிழைக்கே மருந்து. செயலற்ற நேரத்தின் பிழை கதிரைக் குறைத்தால் மட்டுமே குறையும்.

கதிர் சீராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பதும் முக்கியம். இந்தூரில் உள்ள இந்தசு-2 ஒத்தியங்கு முடுக்கியில், 172.5 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகச் சுற்றுகின்றன. வளையத்தில் இத்தகைய கொத்துகளுக்கு 291 இடங்கள் உள்ளன. எல்லா இடங்களும் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ இரண்டு நானோ நொடிக்கு ஒரு எக்சு-கதிர்த் துடிப்பு வரும். நூறு நானோ நொடி செயலற்ற நேரமுள்ள உணரிக்கு இது தொடர்ச்சியான கதிராகவே தெரியும். ஒரே ஒரு கொத்து மட்டும் சுற்றினால், 575 நானோ நொடிக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் உணரி ஆயத்தமாக இருக்கும். ஆனால் ஒரு துடிப்பில் எத்தனை ஒளியணுக்கள் வந்தாலும் ஒன்றாகவே எண்ணும். அதே உணரி, அதே சராசரிச் செறிவு, ஆயினும் பயன்படுத்த வேண்டிய திருத்தம் வேறு. இந்த இரண்டாம் நிலைக்கு மேலே கண்ட படச் சட்டக் கணக்கே பொருந்தும்.

கட்டற்ற எலக்ட்ரான் லேசர்களில் ஒளியணுக்கள் எல்லாம் சில பத்து ஃபெம்டோ நொடிக்குள் ஒருசேர வந்துவிடும். அங்கே எந்த வேகமான எண்ணியும் பயன்படாது. ஒத்தியங்கு முடுக்கிகளுக்காகப் பிலாட்டசு என்னும் எண்ணும் உணரியை உருவாக்கிய சுவிட்சர்லாந்தின் பால் செரர் நிறுவனமே, தனது எலக்ட்ரான் லேசருக்காக யுங்ஃபிராவ் என்னும் கூட்டும் உணரியை உருவாக்கியது.

மருத்துவப் படிமவியலில்

ஒளியணு எண்ணும் முறையில் இயங்கும் முழு உடல் சி.டி. கருவிக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் முதன்முறையாக ஒப்புதல் கிடைத்தது. சீமென்சு நிறுவனத்தின் அக்கருவியில் காட்மியம் டெலுரைடு உணரி உள்ளது. நோயாளியின் உடலைத் தொடாமல் நேரே வரும் கதிர், ஒரு சதுர மி.மீ. பரப்பில் நொடிக்குப் பல கோடி ஒளியணுக்களைக் கொண்டுவரக் கூடும். உணரியை மிகச் சிறிய படவணுக்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வரும் வீதம் குறையும். ஆனால் படவணு சிறிதானால், ஓர் ஒளியணு உண்டாக்கும் மின்னூட்டம் எல்லையில் சிதறி இரண்டு படவணுக்களில் பங்கிடப்படும். ஓர் ஒளியணு, குறைந்த ஆற்றலுடைய இரண்டாக எண்ணப்படும். ஒரு பிழையைக் குறைக்கப்போய் மற்றொன்று கூடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பொருத்தமான அளவைத் தேர்வதே வடிவமைப்பாளர்களின் முதன்மைச் சிக்கலாக இருந்தது. உடலின் நடுப்பகுதியைக் கடந்து வரும் கதிர் மெலிந்திருக்கும். செறிவுச் சிக்கல் உடலின் விளிம்பை ஒட்டி எழுவது. எனவே விளிம்புக்குச் செல்லும் கதிரை மெலிவிக்க, நடுவில் மெல்லியதும் ஓரங்களில் தடித்ததுமான வடிகட்டி வைக்கப்படுகிறது.

வரலாறு

ரதர்ஃபோர்டும் கெய்கரும் 1908இல் துகள்களை மின்முறையில் எண்ணிக் காட்டினர். கெய்கரும் முல்லரும் 1928இல் இன்று வழங்கும் குழாயை அமைத்தனர். எண்ணிகளில் ஏற்படும் இழப்பு நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கும் ஒரு நல்ல கணக்காக அமைந்தது. வில்லியம் ஃபெல்லர் 1948இல் இதனை முறையாக ஆராய்ந்தார். சென்னையைச் சேர்ந்த அல்லாடி இராமகிருட்டிணன், அண்டக்கதிர்ப் பொழிவுகளை விளக்க 1950இல் புள்ளி நிகழ்வுகளுக்கான கணித முறை ஒன்றை வகுத்தார். பி. எம். மாத்யூசுடன் சேர்ந்து 1953இல் எண்ணிகள் குறித்த நிகழ்தகவுக் கணக்கு ஒன்றையும் ஆய்ந்து வெளியிட்டார். இவரே 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

கதிர்ப் பாதுகாப்பில்

விண்வெளியில் தவறான எண்ணிக்கை ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கெடுக்கும். தரையில் அது உயிரைப் பறிக்கலாம். 2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரியில், பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து ஏலத்தில் விற்கப்பட்ட பழைய கருவியுடன் வலுவான கோபால்ட்-60 கதிர்மூலம் பழைய இரும்புக் கடைக்குச் சென்றது. அதைப் பிரித்ததால் பலர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர், ஒருவர் இறந்தார். இத்தகைய இடத்தில் என்ன கதிர்மூலம், எவ்வளவு வலுவானது என்று முன்கூட்டியே தெரியாது. எளிய கெய்கர் கருவியுடன் ஒருவர் நெருங்கினால், எண்ணிக்கை முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பின் இறங்கக் கூடும். இறக்கத்தை மட்டும் கண்டவர், தாம் மூலத்திலிருந்து விலகிச் செல்வதாக எண்ணிவிடலாம். உண்மையில் அவர் அதனை நெருங்கிக்கொண்டிருப்பார்.

இதனால்தான் கதிர் அளவி ஏந்தியவர், இடத்துக்குச் செல்லுமுன் பாதுகாப்பான தொலைவிலேயே கருவியை இயக்கி, எண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே நெருங்க வேண்டும். வலுவான கதிர்ப்புலத்தில் எண்ணும் கருவிக்குப் பதிலாக அயனியாக்க அறையைப் பயன்படுத்துவது வழக்கம். நல்ல கெய்கர் அளவிகளில், குழாயின் சராசரி மின்னோட்டத்தைத் தனியே கண்காணிக்கும் சுற்று ஒன்று இருக்கும். துடிப்புகள் எண்ணப்படாமல் போனாலும் மின்னோட்டம் குறைவதில்லை. ஆகவே மின்னோட்டம் மிகுந்து எண்ணிக்கை குறைந்தால், முகப்பில் எண்ணுக்குப் பதிலாக அளவு மீறிய நிலை என்ற எச்சரிக்கை தோன்றும். பழைய அளவிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை.